எட்டாம் மாடிக்கு ஏறும் கூட்டம்

வெள்ளவத்தையில் இருபது வருடமாக இருக்கிறேன். இப்போதும் கொட்டாஞ்சேனைக்குப் போவதென்றால் எனக்கு வெளியூர்ப் பயணம் மாதிரித்தான். தூரம் என்னவோ பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் ஆமர் வீதியில் நின்று நின்று போய் இறங்கும்போது கண்டிக்குப் போய்வந்த களைப்பு வந்துவிடும். அப்படிப்பட்ட நான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தில் கிடைக்கிற ஒரேயொரு நல்ல நித்திரையையும் விட்டுவிட்டு அங்கே போனேன் என்றால் அதற்குக் காரணம் ரிசானா. என்னோடு ஒரே கந்தோரில் வேலை செய்கிறவள், கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடியில் குடியிருக்கிறாள். "அக்கா, நீங்க நுவரெலியா, திருகோணமல எல்லாம் போய் எழுதுறீங்க. எங்கட படிக்கட்டுக்கும் ஒருக்கா வாங்களே" என்று ஒரு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டு என்றால் உண்மையான படிக்கட்டுத்தான். அந்தத் தொடர்மாடிப் பெண்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவார்கள். தண்ணீர் வராதது, குப்பை எடுக்காதது, வீட்டில் அடி வாங்குகிறவளுக்கு யார் துணை போவது, எல்லாம் பேசுவார்கள். பேசிக்கொண்டே பழைய சேலைத் துண்டுகளை ஒட்டுத் தைப்பார்கள், பாட்டுக் கட்டுவார்கள், சமைத்துச் சாப்பிடுவார்கள். இதைத் தொடங்கியவர் எட்டாம் மாடி பரிமளா அக்கா. முதலில் கீழே உள்ள மண்டபத்தில்தான் நடந்ததாம். பிறகு சீனி வருத்தத்தில் அவருக்கு ஒரு காலை எடுத்தார்கள், சக்கர நாற்காலி வந்தது. அடுத்த வருடமே லிஃப்ட் நின்றது. அவரால் கூட்டத்துக்கு வர முடியவில்லை என்றதும் மற்றவர்கள் கூட்டத்தைப் படிக்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நாலைந்து பேர் உட்காருவார்கள். கீழிருந்து ஒரு பாட்டு வரி புறப்படும், மாடிக்கு ஒரு வரி சேரும், எட்டாம் மாடி வாசலில் பரிமளா அக்கா அதை முடித்து வைப்பார்.

இந்த முறை ஒரு முக்கிய காரியமும் இருந்தது. லிஃப்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார். பரிமளா அக்காவின் மகளுக்கு ஆவணியில் கோயிலில் கல்யாணம். ஒருமுறை கிளினிக்குக்கு நாலு பேர் அக்காவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு இறங்கியபோது மூன்றாம் மாடியில் ஒருவருக்குக் கால் சறுக்கி, அக்கா சுவரில் மோதியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் யாரையும் தூக்க விடுவதில்லை. லிஃப்ட் ஓடினால் மகளின் கல்யாணத்தைப் பார்ப்பார், ஓடாவிட்டால் இல்லை.

காலை எட்டு மணிக்குக் காலி வீதியில் மட்டக்குளி போகும் 155 பஸ்ஸைப் பிடித்தேன். நூறு ரூபாய்த் தாளை வாங்கிய கொண்டக்டர் மிச்சம் தரவில்லை. கேட்டதற்கு "இறங்கும்போது" என்று சிங்களத்தில் சொன்னார், இறங்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டார். ஞாயிறாக இருந்தும் மருதானையில் நெரிசல். ஒன்பது மணி தாண்டிக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கி, பத்து நிமிடம் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தபோதே எனக்கு வீட்டுக்குத் திரும்பினால் போதும் என்றிருந்தது.

அங்கே ரிசானா கீழ் வாசலில் ஒரு மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். நல்ல கதிரை ஒன்று, இரண்டாம் மாடியிலிருந்து வயர் இழுத்து ஒரு மேசை விசிறி, குளிர்ச் சோடா.

"கூட்டம் படிக்கட்டில எண்டெல்லோ சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. ஆனா இண்டைக்கு சேர் வாறார் தானே. வெயிலுக்குள்ளால வாற மனுசன், பாவம்."

சரிதானே என்று எனக்கும் பட்டது. விசிறி சேரின் முகத்துக்கு நேரே இருக்கட்டும் என்று நானே கொஞ்சம் திருப்பியும் வைத்தேன்.

பத்தரைக்கு அவர் வந்தார். தன்மையான மனிதர் என்றுதான் சொல்லவேண்டும். சிங்களத்தில் எல்லோரையும் சுகம் விசாரித்தார், சோடா குடித்தார், எழுந்து போய் லிஃப்ட் பொத்தானைத் தானே அமத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பெண்கள் சொன்னதையெல்லாம் விசிறிக் காற்றில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டார். அறிக்கை எழுதுவதாகச் சொன்னார். இருபது நிமிடத்தில் பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். எல்லோரும் சிரித்த முகத்தோடு வழியனுப்பத் தயாரானோம்.

அந்த நேரம் மேலேயிருந்து வாய்க்கு வாய் ஒரு செய்தி இறங்கி வந்தது. பரிமளா அக்கா கேட்கிறாராம், பாட்டு ஏன் இன்னும் ஏறவில்லை, சேர் எந்த மாடியில் நிற்கிறார் என்று.

ரிசானாவின் முகம் செத்துப்போய்விட்டது. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நாங்களே கதிர போட்டு அவர கீழ இருத்திட்டமே." படி ஏறும் கஷ்டத்தைக் காட்டத்தான் ஒரு வருடம் அலைந்து அந்த மனிதரைக் கூப்பிட்டது. வந்தவருக்குக் கஷ்டம் கொடுக்கக்கூடாது என்று ஒரு படியும் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டோம். எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது.

ரிசானா கெட்டிக்காரி. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். சேருக்குப் பகல் சாப்பாடு எட்டாம் மாடியில் வைத்திருக்கிறோம், சாப்பிடாமல் போனால் எங்களுக்கு மனக்கஷ்டம் என்று சிங்களத்தில் சொன்னாள். சமைத்த சட்டிகள் எல்லாம் அவளுடைய வீட்டில், நான்காம் மாடியில்தான் இருந்தன. அவர் மறுத்தார். பத்துப் பெண்கள் சேர்ந்து சாப்பிடச் சொல்லும்போது எவ்வளவு நேரம்தான் மறுப்பது? ஏறத் தொடங்கினார். பாட்டும் தொடங்கியது.

நானும் பின்னால் ஏறினேன். என் முழங்காலின் கதையை இங்கே எழுதப்போவதில்லை. மூன்றாம் மாடியில் வெளிச்சமே இல்லை, கைபிடியும் பாதி கழன்றிருக்கிறது. ஐந்தாம் மாடியில் சேர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். சேர்ட் முழுக்க வியர்வை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எப்படி ஏறுகிறார்கள் என்று கேட்டார். "இப்பிடித்தான் சேர்" என்று ரிசானா சொன்னாள். அவர் கால் வரவில்லை, விளங்கிவிட்டது, போதும் என்றார். நான்காம் மாடியிலிருந்து சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் மீனும் வந்தது. அந்தப் படியிலேயே வைத்து மரியாதையாகச் சாப்பிட்டுவிட்டு, இறங்கிப் போனார்.

மிச்சம் மூன்று மாடிதான் இருந்தது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, களைப்பு ஒரு பாதி, கோபம் ஒரு பாதி. விசயத்தைச் சொல்ல ரிசானாவுக்கு மனம் வரவில்லை என்றதால் நானே ஏறினேன்.

பரிமளா அக்கா வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார். நல்ல சேலை, நெற்றியில் திருநீறு, பக்கத்தில் துடைத்து வைத்த ஒரு கதிரை. அந்தக் கதிரையில் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் தந்தார். நான் மூச்சு வாங்கி முடிந்த பிறகுதான் கேட்டார்.

"அந்த சேர் எத்தனாவது மாடி வரைக்கும் வந்தாரு?"

"அஞ்சாம் மாடி, அக்கா. அதோட ஏலாமப் போட்டுது அவருக்கு."

"போன வருசம் வந்தவரு ரெண்டாவது மாடியோட திரும்பிட்டாரு. இவரு பரவால்ல."

உள்ளேயிருந்த மகள், தாலி கட்டி முடிந்ததும் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வருவதாகச் சொன்னாள். அக்கா விடவில்லை. "கல்யாணத்துக்கு வர்றவங்கள எட்டு மாடி ஏற வைக்கிறதா? அவங்களுக்கு கஷ்டமில்லயா?" அவரும் இந்தத் தொடர்மாடிக்காரிதானே என்று நினைத்துக்கொண்டேன். கீழே பாட்டு ஐந்தாம் மாடியிலேயே நின்றுபோயிருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விசயங்கள். வெள்ளவத்தையிலிருந்து 155 பஸ், ஞாயிறு என்றால் ஒன்றேகால் மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை கொண்டுபோங்கள், நூறு ரூபாய்த் தாளைக் காட்டாதீர்கள். சப்பாத்து வேண்டாம், தட்டைச் செருப்புப் போதும். தண்ணீர்ப் போத்தல் கட்டாயம். சாப்பாடு அவர்களே தருவார்கள், நீங்கள் பழைய சேலை இருந்தால் எடுத்துப் போங்கள், ஒட்டுத் தைக்க உதவும். கீழே யாராவது கதிரை போட்டு இருக்கச் சொன்னால் இருக்காதீர்கள், முதலில் ஏறுங்கள். ஆவணி நெருங்குகிறது. இதை எழுதும்வரை லிஃப்ட் ஓடவில்லை. கூட்டம் மாதத்தில் ஒருநாள்தான் என்பதால், பரிமளா அக்காவை வேறு நாட்களில் எத்தனை மணிக்குப் போனால் பார்க்கலாம் என்று கேட்பீர்கள். எந்த நாளும் போகலாம், எந்த நேரமும் வீட்டில்தான் இருக்கிறார்.