முடிச்சை அவிழ்த்தது நான்

சிறுமியர் குழு நடத்துவோருக்காக ஊட்டியில் நடந்த ஐந்து நாள் பயிற்சியில் முதலுதவிக்கு ஒதுக்கிய நேரம் ஒரு மணி. விருந்தினரை வரவேற்கக் கற்றுத் தந்த நேரம் இரண்டரை மணி. நினைவிலிருந்து சொல்லவில்லை. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவைப்பது பதினாறு வயதிலிருந்து என் பழக்கம். அந்தக் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏப்ரல் கடைசி வாரம், பயிற்சியின் மூன்றாம் நாள், மதிய உணவுக்குப் பிறகு. சந்தனக் கிண்ணம் தட்டின் வலப்பக்கம், கற்கண்டு இடப்பக்கம். பன்னீர்ச் சொம்பைப் பிடிக்கும் பெண் சிரித்த முகமாக இருக்க வேண்டும், பல் தெரியக் கூடாது. அன்றைக்கே எனக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தட்டைப் படமாக வரைந்து அம்புக்குறியும் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் கிழித்துவிடலாமா என்று தோன்றுகிறது. கிழிக்கக் கூடாது.

குன்னூரில் ஒரு தேயிலை ஏல அலுவலகத்தில் மாதிரிப் பொட்டலங்களுக்குச் சீட்டு எழுதும் வேலை பார்க்கிறேன். பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் திறந்த இரண்டாம் ஆண்டு அது. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒருவர், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் உள்ள ஒரு எஸ்டேட்டில் சிறுமியர் குழு ஒன்றைத் தொடங்குவதாக ஒப்புக்கொண்டிருந்தார். முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, மலை ஏறுவது, வரைபடம் படிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் குழு. அவருக்குக் கோயமுத்தூருக்கு மாற்றல் வந்ததும் விசிலையும் பதிவேட்டையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பெரிய சேவை மனப்பான்மை எதுவும் எனக்கு இல்லை. கோடு போட்ட பதிவேடு காலியாகக் கிடந்தால் எனக்குப் பொறுக்காது, அவ்வளவுதான்.

முதல் கூட்டம் ஜூன் மாதத்து இரண்டாம் சனிக்கிழமை, மாலை நான்கு பத்துக்கு. எஸ்டேட் ஆரம்பப் பள்ளிக்கு முன்னால் உள்ள மைதானம். இருபத்து மூன்று பேர் வந்தார்கள். பெரும்பாலும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாத்தா காலத்தில் வந்து குடியேறிய குடும்பங்கள். விசிலை ஊதியதும் ஒருவர் பின் ஒருவராக, சொல்லாமலே நான்கு வரிசையாக நின்றுவிட்டார்கள். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க அவர்கள் அம்மாக்கள் நிற்கும் அதே நிலை. அந்த நிலைக்கு அவர்கள் பேச்சில் பிரட்டு என்று பெயர்.

நான் பதிவேட்டைத் திறந்ததும் கடைசி வரிசையில் நின்ற உயரமான பெண், ஒன்பதாம் வகுப்பு, கை தூக்கினாள்.

"அக்கா, பேரு போடறீங்களா?"

"ஆமாம்மா."

"முழுப் பேரா, அரைப் பேரா?"

மற்ற இருபத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். அரை நாள் வேலைக்கு அரைப் பேர் என்று அவர்கள் வீட்டில் சொல்வது எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரியாது என்று தெரிந்ததும் இன்னொரு முறை சிரித்தார்கள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

ஜூலையில் தலைவியைத் தேர்ந்தெடுத்தோம். நானே நியமிக்கலாம் என்று விதி இருந்தது. பிள்ளைகள்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொன்னேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன். உயரமான பெண்ணுக்குப் பதினெட்டு ஓட்டு. கொடி பிடிப்பது தலைவியின் உரிமை. அதற்காக அவள் தினமும் சாயங்காலம் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் மூங்கில் கழியைத் தூக்கிக்கொண்டு நடந்து பழகினாள் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். "தண்ணி புடிக்க வர்றவங்க எல்லாரும் சல்யூட் அடிச்சிட்டுத்தான் கொடத்த வெக்கணும் அக்கா" என்றாள் ஆறாம் வகுப்புப் படிக்கும் ஒரு வாயாடி.

முழுச் சீருடை வாங்க வழியில்லை. எல்லோருக்கும் ஸ்கார்ஃப் மட்டும் தைத்தோம். அதைக் கழுத்தில் போட்டு முன்னால் ஒரு முடிச்சு. தலைவியின் முடிச்சுக்குக் கீழே மட்டும் ஒரு பித்தளை பேட்ஜ்.

புதிய குழுவுக்கு மாவட்டக் கமிட்டி அங்கீகாரம் தர வேண்டும். அதற்கு முன் ஒரு பொது நிகழ்ச்சியில் பங்கெடுத்திருக்க வேண்டும். எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகத்துக்கு, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் பிள்ளைக் காம்பரா என்பார்கள், புதுக் கட்டடம் கட்டியிருந்தார்கள். திறப்பு விழா ஆகஸ்ட் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை. எங்கள் பிள்ளைகள் கொடியோடு முன்னால் நடந்து விருந்தினரை அழைத்துவர வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் அம்மா தொலைபேசியில் சொன்னார்.

விழா அன்று காலை ஒன்பதரைக்கு அவர் வந்தார். தூறல் விட்டிருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அவர் வரிசையின் ஓரமாக நடந்து ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏல அலுவலகத்தில் மாதிரித் தேயிலையைத் தட்டில் கொட்டி நிறம் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறவள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"இந்தப் பொண்ணா கொடி பிடிக்குது?"

"ஆமாங்க மேடம். பிள்ளைங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க."

"நல்ல விஷயம்தான். ஆனா போட்டோவுல முகமே விழாதே. முன்னால கொஞ்சம் வெளிச்சமா ஒரு முகம் நின்னா நல்லாருக்கும். என்ன சொல்றீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண் மூன்றடி தூரத்தில் நின்றாள்.

மேனேஜர் வீட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு உறவுக்காரச் சிறுமி வந்திருந்தாள். வெள்ளை ஃபிராக் போட்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். செயலாளர் அவளைக் கைகாட்டினார். "எனக்கு வேண்டாம் ஆன்ட்டி, எனக்கு நடக்கத் தெரியாது" என்றாள் அந்தச் சிறுமி. அன்றைக்கு அங்கே மாட்டேன் என்று வாயைத் திறந்து சொன்னது அவள் ஒருத்திதான்.

"அஞ்சே நிமிஷம்மா. ஸ்கார்ஃப் மட்டும் மாத்திக் கட்டிவிட்டுருங்க."

அது எனக்குச் சொன்னது. நான் "சரிங்க மேடம்" என்றேன். மணி ஒன்பது நாற்பது.

உயரமான பெண் செயலாளரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அக்கா?" என்று மட்டும் கேட்டாள். "கொஞ்ச நேரம்தாம்மா" என்றேன். பிறகு நானே, என் இரண்டு கையாலும், அவள் கழுத்து முடிச்சை அவிழ்த்தேன். அது சுலபமாக அவிழவில்லை. தூறலில் நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பித்தான் பிரிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரமும் அவள் தாடையை உயர்த்திக்கொண்டு எனக்கு வசதியாக நின்றாள். பேட்ஜையும் கழற்றி வெள்ளை ஃபிராக்கில் குத்தினேன்.

ஸ்கார்ஃப் இல்லாதவள் வரிசையில் நின்றால் நன்றாக இருக்காதே என்று அடுத்த பேச்சு வந்தது. "சும்மா நிக்கறதுக்குப் பின்னால போயி டம்ளராவது கழுவிக் குடுக்கட்டும்" என்றார் செயலாளர். அவள் பின்பக்கம் போனாள்.

பதினோரு மணிக்கு அவள் அம்மா வந்தார். கொழுந்து பறிக்கும் வேலை. அரை நாள் லீவு போட்டு, குளித்து, பட்டுக்கரை போட்ட சேலை கட்டி வந்திருந்தார். கூட்டத்தின் முன்வரிசைக்கு வந்து கொடியைப் பார்த்தார். கொடியைப் பிடித்திருந்த சிறுமியைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா, எம் புள்ள எங்கீங்க?"

கட்டடத்தின் பின்பக்கத்தைக் காட்டினேன். போனவர் மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். அவள் கை முழங்கை வரை ஈரம்.

"டம்ளர் கழுவ எம் புள்ளைக்கு நீங்க சொல்லித் தரணுமுங்களா? அவ வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து பாக்குற வேலைங்க அது. கொடி புடிக்கத்தான உங்ககிட்ட அனுப்புனேன்."

"மேலருந்து கடைசி நேரத்துல மாத்தச் சொன்னாங்கம்மா…"

"அவங்க சொன்னது கெடக்கட்டுங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

மேடையில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். அம்மா பதிலுக்காகக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு லயத்தை நோக்கி இறங்கிப் போனார். அன்று இரண்டு விதமான இனிப்பும் மிக்சரும் கொடுத்தார்கள் என்றும், பிரமுகர் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தார் என்றும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. அந்தக் கேள்வி இல்லை. அதை எழுத எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

அடுத்த வாரச் சனிக்கிழமை விசிலை ஊதினேன். யாரும் வரிசையில் நிற்கவில்லை. பள்ளிப் படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். உயரமான பெண் வரவில்லை.

"அக்கா, நீங்களும் உக்காருங்க. நாங்க உங்ககிட்டப் பேசணும்" என்றாள் ஆறாம் வகுப்பு வாயாடி. உட்கார்ந்தேன். "ஏன் பேசாம இருந்தீங்க?"

அங்கீகாரம் கிடைக்காமல் போய்விடும், விழா நம்முடையது அல்ல, நேரம் இல்லை என்று மூன்று காரணம் சொன்னேன்.

"மூணும் ஒண்ணுதானக்கா. பயந்துட்டீங்க."

"அக்கா அந்தம்மாவோட கார் வந்தப்பவே பயந்துட்டாங்க. நாந்தான் பார்த்தேனே, விசிலப் பையில போட்டுக்கிட்டாங்க" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிள்ளைகள்மேல் கோபம் வந்தது, இதையும் சொல்லிவிட வேண்டும். உங்களுக்காக இரண்டு பஸ் மாறி வருகிறேனே என்று நாக்கின் நுனி வரை வந்தது. அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் எனக்கும் செயலாளருக்கும் என்ன வித்தியாசம் இருந்திருக்கும்?

நடந்ததைக் கமிட்டிக்கு எழுத வேண்டும், எழுதியதை முதலில் தங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் யாரும் வர மாட்டார்கள்.

ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். நிறையப் படித்தவள், கடிதம் எழுதத் தெரிந்தவள் என்று எனக்கு நினைப்பு. அடுத்த சனிக்கிழமை படித்தேன்: "விழா நாளன்று ஏற்பட்ட சிறு மாறுதலால் பிள்ளைகளுக்குச் சற்று மனவருத்தம் உண்டாகியிருப்பதை…"

"நிறுத்துங்கக்கா. சிறுன்னு போட்டா அவங்க படிச்சிட்டு மடிச்சு வெச்சிருவாங்க."

"தானாவா உண்டாச்சு? கறுப்பா இருக்கான்னு சொன்னாங்கன்னு எழுதுங்க."

"வெளிச்சமா ஒரு முகம்னு சொன்னாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உயரமான பெண். எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை. "அதே மாதிரி எழுதுங்க. ஸ்கார்ஃபைக் கழட்டுனது அக்கான்னும் எழுதுங்க. அது இல்லாம அனுப்பக் கூடாது."

அங்கேயே படிகளில் வைத்துப் புதிதாக எழுதினேன். ஒரே பக்கம்தான் வந்தது. யார் என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு, யார் முடிச்சை அவிழ்த்தது. இனிமேல் எந்த விழாவிலும் வரவேற்புக்கு இந்தக் குழு நிற்காது என்று கடைசி வரி. இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், அவளும் சேர்த்து.

கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே செயலாளர் கூப்பிட்டார்.

"என்னங்க இது, ஒரு ஃபோன்ல சொன்னா ஆகாதா? இதெல்லாம் எழுத்துல குடுக்கற விஷயமா? கமிட்டில வெச்சா எனக்கு என்ன மரியாதை?"

"அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு என்ன மரியாதைங்க மேடம்?"

"ஒரு போட்டோவுக்காகச் சொன்னது! நானென்ன மனசுல வெச்சா சொன்னேன்?"

"நீங்க மனசுல வெக்காம சொல்லிட்டீங்க. அவ மனசுல இருக்கு. நான் கடிதத்தத் திரும்ப வாங்க மாட்டேங்க."

என் வாயிலிருந்து ஆகஸ்டில் வந்திருக்க வேண்டிய சொல் செப்டம்பரில் வந்தது. மூன்று வாரத் தாமதம். அதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டியதில்லை.

அங்கீகாரம் இதுவரை வரவில்லை, பரிசீலனையில் இருக்கிறதாம். குழு நடக்கிறது. அந்தப் பெண்தான் தலைவி. ஜனவரியில் பனி உறைந்த ஒரு விடியலில் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் எதிர் மலைக்குக் கூட்டிப் போனாள். ஒரு இடத்தில் வழி தவறினோம். என்னைத்தான் திட்டினாள்.

அவள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"புள்ள வர்றா. அது அவ இஷ்டம், நான் தடுக்க மாட்டேனுங்க" என்றார். "நான் இனி பாக்க வர மாட்டேன்."

கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் சொல்லியிருக்கவும் கூடாது.