கடைசி வண்டிக்கு வைத்த பசு

திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டும் ஞானமுத்துவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கடைசி வண்டி’ என்றால்தான் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊர் மாட்டுவண்டிப் பந்தயம் விட்டாலும் அங்கே நிற்பான். ஊரே பேர்போன மாடுகளின்மேல் பணம் கட்ட, இவன் மட்டும் எலும்பு துருத்திய ஜோடியாகத் தேடிக் கட்டுவான். யாரும் சீந்தாத மாடு முந்தி வர, ஊர் வாய் பிளக்க, அதைக் கண்டுகொண்டவன் தான் ஒருவனே என்று நிமிர்ந்து நிற்க வேண்டும். கடமலைக்குண்டில் ஒரே ஒருமுறை அப்படி நின்றான். அந்த ருசிக்கு மனைவி வியாகுலமேரியின் தோடும் சங்கிலியும் போயின. மிஞ்சியது ஒரு கறவைப் பசு. அதன் பாலில்தான் அந்த வீட்டு உலை கொதித்தது.

பங்குனித் திருவிழாவில் இரண்டு பந்தயம். முதலில் நடுத்தர மாடுகளுக்கான நடுமாடு, அடுத்து பெரியமாடு. ஏலக்காய் வியாபாரி பொன்னுராஜின் ஜோடிதான் ஜெயிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டியில் துணைக்கு ஓடுபவன் ஞானமுத்துவின் மகன் சகாய பிரவீன்.

“என்ன ஞானமுத்து, இன்னைக்கும் கடைசி வண்டிதானா?” என்றார் பொன்னுராஜ்.

“அந்தச் செவலை ஜோடி முந்தும் மொதலாளி. நிக்கிற நிலையிலயே தெரியுது.”

“எனக்கு விலா எலும்புதான்யா தெரியுது. சரி, வைக்க உங்கிட்ட என்ன இருக்கு? அந்தப் பசு இருக்குல்ல. தோத்தா அது எனக்கு. ஜெயிச்சா என் தொழுவத்துல மூணு பசு, நீயே பாத்து அவுத்துக்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஞானமுத்து சிரிக்கவில்லை. சம்மதம் என்று கையடித்தான்.

“வேணாம்ப்பா. அம்மா என்ன செய்யும்?” என்றான் பிரவீன்.

“ஏலே, நீ ஓடுற வேலையப் பாரு.”

பந்தயத்துக்கு ஒரு விதி உண்டு. குச்சனூர் விலக்கில் கொடி வாங்கித் திரும்பும்போது துணையாள் குதித்து மாட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டு, ஓடிப்போய் மறுபடி ஏற வேண்டும். எல்லைக்கு வரும்போது வண்டியில் இரண்டு பேரும் இல்லாவிட்டால் அந்த வண்டி சேர்த்தி இல்லை.

பொன்னுராஜின் வண்டிதான் முதலில் வந்தது. ஆனால் அதில் சாரதி மட்டும் தனியே நின்றான். அதன் பின்னால், யாரும் நம்பாத அந்தச் செவலை ஜோடி. ஒலிபெருக்கியில் அதைத்தான் முதல் வண்டி என்றார்கள். ஞானமுத்துவின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாவி, மகன் எங்கே என்று அவன் தேடவில்லை; தன்னைப் பார்த்துச் சிரித்த முகங்களைத் தேடினான்.

பிரவீனை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். வலது பாதம் சக்கரத்தில் சிக்கிச் சிதைந்திருந்தது.

“ஏறத் தெரியாதாடா உனக்கு?”

“செவலை ரெண்டாவதா வந்துச்சுப்பா. நான் ஏறலைன்னா அதுதான மொத. பசு தப்பிக்கும்னு ஏறாம கைய விட்டுட்டேன். சக்கரத்துக்குள்ள கால் போகும்னு நெனைக்கல.”

 அந்தச் சொல் ஞானமுத்துவின் காதோடு நின்றுவிட்டது. செவலை ஓடியதைத்தானே ஊர் பார்த்தது. தன் கண் தப்பவில்லை. அந்த நேரம் அடுத்த பந்தயத்துக்குப் பெரியமாடுகள் வரிசைக்கு வந்தன. கடைசியில் ஒரு மயிலை ஜோடி தலை தொங்கி நின்றது.

“நீ முன்னால போய்யா. அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்துரும்,” என்று ஆட்டோவை அனுப்பிவிட்டுப் பொன்னுராஜைத் தேடிப் போனான்.

ஆஸ்பத்திரிக்கு அவன் போய்ச் சேரும்போது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள். மயக்கம் தெளியாத பிரவீன், “பசு தப்பிச்சிருச்சுல்லப்பா?” என்று குழறினான்.

“தப்பிச்சிருச்சுய்யா.”

வியாகுலமேரி கணவனின் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் மகனுக்கான அழுகையைத் தேடினாள். அங்கே இருந்தது வேறு. பல வருஷமாக அவள் பார்த்துச் சலித்தது.

“பொன்னுராஜ் ஆளுக நம்ம பசுவ அவுத்துட்டுப் போறாகன்னு பக்கத்து வீட்டுல போன்ல சொல்றாக,” என்றாள் மெதுவாக. “ஜெயிச்ச மூணோட இதையும் பெரியமாட்டுல வச்சீகளா?”

ஞானமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“ஒரு முழம்தான் பிந்துச்சு மேரி,” என்றான். கைகளை விரித்து அந்த அளவை அவளுக்குக் காட்டினான்.