அத்தை கல்யாணத்து மேளம்

விமான நிலையக் காப்பிக் கடையில் பழைய ஜாஸ் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்பெட் உச்சத்துக்கு ஏறியதும் எனக்கு அத்தையின் கல்யாணம் ஞாபகம் வந்தது. எண்பதுகளின் கடைசி அது.

மேளக்காரர்களின் வேன் வரும் வழியில் குண்டடத்தில் பழுதாகி நின்றுவிட்டது. முகூர்த்தம் முடியப்போகிறது.

"மேளமில்லாம தாலி கட்டறது நல்லதில்லீங்க" என்று மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்துவிட்டார். மணவறையிலேயே அத்தை அழ ஆரம்பித்தார்.

அப்பா பனியன் கம்பெனி வைத்திருந்தார். துணி வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் பழைய ஜாஸ் பாட்டுகளைத் தொகுத்த கேசட் ஒன்றை அவருக்குத் தந்திருந்தார். அப்பா அதைக் காரிலிருந்து எடுத்துவந்து மைக்செட்காரரிடம் நீட்டினார்.

"நல்லா சத்தமா வெய்யுங்க."

டிரம்பெட்டும் டிரம்ஸும் மண்டபத்தை அதிரவைக்க, மாப்பிள்ளை தாலி கட்டினார். அத்தை அழுகையினூடே சிரித்துவிட்டார்.

பந்தியில் பெரியப்பா மெல்லக் கேட்டார்: "மேளம் எந்த ஊருங்க?"

அப்பா சிரிக்காமல் அவர் இலையில் ரசம் ஊற்றினார்.

"கொஞ்சம் தூரமுங்க."