ஆகல்ல, ஆகல

அம்மா இறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு, கையில் ஒரு தாளோடு ஆஸ்பத்திரிப் பெண் ஒருவர் வந்தார். சிறுவயதுக் காய்ச்சலில் கால்கள் சூம்பிப்போன என் அண்ணன் தானாக என்னென்ன செய்கிறான் என்று பார்த்து, அங்கேயே தங்கவைத்துக் கடிகார ரிப்பேர் கற்றுத்தரும் விடுதியில் சேர்ப்பார்களாம். அவனை இயலாதவனாகக் காட்டினால் இரக்கப்பட்டுச் சேர்ப்பார்கள் என்று நினைத்தேன்.

அவர் கன்னடத்தில் கேட்டார். தானே குளிப்பானா?

"ஆகல்லம்மா."

துணி துவைப்பானா?

"ஆகல்ல."

குழாயில் தண்ணீர் பிடிப்பானா?

"அய்யோ, ஆகவே ஆகல்ல."

அவர் பேனாவை மூடிவிட்டுத் தமிழில் சொன்னார்: "அப்போ சேக்க முடியாதேம்மா. அங்க எல்லாம் தானே செஞ்சுக்கணும்."

நான் பதறி மறுபடி வாயைத் திறந்தேன்.

அண்ணன் சிரித்தான். "கழுதை, வாய மூடு," என்று என்னை அதட்டிவிட்டு அவரிடம் சொன்னான்: "அம்மா, கன்னடத்துல ஆகல்லன்னா முடியாது. தமிழ்ல ஆகலன்னா இன்னும் நடக்கல. நீங்க ஆகலன்னு தமிழ்லயே எழுதிக்குங்க. செத்துப்போன எங்கம்மாவும் என்னை எதையும் செய்ய விடல, இவளும் விடல."

தூக்குவாளியைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றித் தெருக்குழாய்க்கு நகர்ந்தான். நான் எழுந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சட்டையெல்லாம் நனைந்து, பாதி வாளித் தண்ணீரோடு வந்தான்.

"குடிங்கம்மா."

அவர் குடித்தார். பிறகு தாளில் எழுதியதை அடித்துவிட்டு, "ஒரு மாசம் கழிச்சு வரேன். மிச்சத்தையும் காட்டு," என்றார்.

அவனுக்காக ஓடிக்கொண்டே இருந்ததால்தான் அதுவரை நான் அழாமல் இருந்தேன். மறுநாள் காலை வாளியை அவன் பக்கத்தில் வைத்தேன். அவன் குழாயடிக்குப் போன பிறகு, அம்மாவை நினைத்து முதல்முறையாக உட்கார்ந்து அழுதேன்.