ஃபாயின் சட்டை போட்ட சோவே

மலாங் சன்யாங் தன் டாக்சியில் ஏறுகிறவர்களிடம் முதலில் கேட்பது எங்கே போகணும் என்று அல்ல, குடும்பப் பேர் என்ன என்றுதான். எங்கள் பஞ்சுல் நகரத்தில் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் மலாங்குக்கு அந்தப் பதில் தெரியாமல் கியர் விழாது.

அவன் ஜோலா இனத்தான். செரெர் இனத்து ஆட்கள் அத்தனை பேரும் அவனுக்குக் கேலிமுறை. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருத்தரை ஒருத்தர் வாருவது மாதிரிதான், கொஞ்சம் காரம் கூட. வண்டியில் ஏறியவர் ஃபாய் என்று ஒரு செரெர்ப் பேரைச் சொல்லிவிட்டால் போதும்.

"அட, என் அடிமை! கம்பங்கூழ் மூட்டை! உன் எடைக்கு என் டயரு தாங்குமாடா?"

"நீ பொறந்த நாள்லேருந்து எனக்கு அடிமை. வாயை மூடிக்கிட்டு ஓட்டு."

இறங்கும்போது இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பார்கள். கோபப்பட்டவன் தோற்றவன், அவ்வளவுதான் சட்டம்.

மலாங் நிற்பது துறைமுக வாசலில். கப்பலில் வருகிறவர்களுக்கு ஊர் காட்ட அனுமதிக்கிற மஞ்சள் அட்டை வைத்திருக்கிற பதினொரு பேரில் அவன் ஒருவன். லேசான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் தலைநகரம் ஒரு குட்டித் தீவு. இந்த ஓரத்தில் ஒருத்தர் தும்மினால் அந்த ஓரத்தில் துஆ சொல்வார்கள். நேராக ஓட்டினால் இருபது நிமிஷத்தில் ஊர் தீர்ந்துவிடும். மூன்று மணி நேரத்துக்குப் பேசி ஏற்றிய விருந்தாளியை இருபத்தோராவது நிமிஷத்தில் என்ன செய்வது? அதில்தான் மலாங் மன்னன். போன ரோட்டிலேயே திரும்பி வருவான். வானொலியில் செய்தி வாசிக்கிறவருக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஒரு குரல் வைத்திருக்கிறான், அதை எடுப்பான்.

"இப்போது இதே தெருவைத் தெற்கிலிருந்து பார்க்கிறோம். கவனியுங்கள், ஆடு வலது பக்கம் வந்துவிட்டது."

விருந்தாளிகள் ஆட்டைப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நான் வாசலுக்கு எதிரே மிளகுக் காபி ஊற்றுகிறவன். அதனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை முன்வரிசையில் நின்று பார்த்தேன்.

காலையில் வாசலில் புது அதிகாரி ஒருத்தர் நின்றார். கனமான ஆள். முகத்தில் ஒரு பத்து வருஷமாகச் சிரிப்பு வந்து போன தடம் இல்லை. சட்டைப் பையின் மேல் பேர் தைத்திருந்தது: ஃபாய்.

மலாங் அதைப் பார்த்தானோ இல்லையோ, காரை நிறுத்தாமலேயே தலையை வெளியே நீட்டினான்.

"யாருடா இந்தக் கூழ்ப்பானைக்கு யூனிஃபார்ம் மாட்டிவிட்டது? எங்க வீட்டுல பாத்திரம் தேய்ச்சிக்கிட்டிருந்த பய, இங்க வந்து கேட்டை மறிக்கிறான் பாரு! தொப்பையை உள்ள இழுடா, கார் போகணும்!"

பத்து டிரைவர்களும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

"என்ன சொன்ன?"

"காதுலயும் கூழா?" என்றான் மலாங்.

"அட்டையைக் குடு."

மலாங் இதையும் விளையாட்டு என்றுதான் நினைத்தான். "ஆகா, என்ன நடிப்பு! இந்தாங்க எஜமான்" என்று குனிந்து கும்பிட்டு, இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்தான். அவர் அதை வாங்கிப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.

"நாலு மணிக்கு இது மேலிடத்துக்குப் போகும். அங்க போய் எழுதிக் குடுத்து வாங்கிக்க. மூணு மாசம் ஆகும்."

எங்கள் ஊருக்குக் கப்பல் வருகிற காலமே நாலைந்து மாதம்தான். அதில் மூன்று போனால் மிச்சம் என்ன? மறுநாள் காலையில் வேறு ஒரு பெரிய கப்பல் வருவதாக இருந்தது. மலாங்கின் முகம் நனைந்த ரொட்டி மாதிரி ஆகிவிட்டது.

என் கடைக்கு வந்து உட்கார்ந்தான். "ஒரு செரெர் ஆளு கோச்சுக்கிட்டு நான் பார்த்ததே இல்லடா. ஒலகம் அழியப் போகுதா?"

"அண்ணே, அவர் ஃபாயே இல்ல. காலையில ஃபெர்ரியில வர்றப்ப எவனோ மீன் கூடையை இவர் மேல கவுத்துட்டான். ஃபாய் லீவுல இருக்காரு, அவரோட சட்டை ஆணியில தொங்குச்சு, எடுத்து மாட்டிக்கிட்டாரு. இவர் டெம்பா சோவே. மாடு மேய்க்கிற ஃபுலா ஆளு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ மூச்சு விட்டாத்தானே அண்ணே நடுவுல சொல்றதுக்கு!"

ஜோலாவுக்கும் ஃபுலாவுக்கும் கேலிமுறை கிடையாது. முறை இல்லாத ஆளை அடிமை என்று சொன்னால் அது கேலி இல்லை, வசவு. முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரைப் பத்துப் பேர் நடுவில் வைது தொலைத்திருக்கிறான். மலாங் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

"ஐயா, தப்பாயிடுச்சு. நான் பேசுனது ஃபாய் சட்டைகிட்ட."

"சட்டை யாரோடதா வேணா இருக்கட்டும். உள்ள இருக்கிற காது என்னோடது."

திரும்பி வந்துவிட்டான்.

இதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஃபுலா ஆட்களுக்குள்ளேயே சோவே குடும்பத்துக்குக் கேலிமுறை பாரி குடும்பம். ஒரு பாரி வந்து கேட்டால் சோவே மறுக்கவே முடியாது. மறுத்தால் ஊர் சிரிக்கும். எங்களுக்குத் தெரிந்து கைக்கெட்டிய ஒரே பாரி, மார்க்கெட் டைலர். ஓடினேன். கடை பூட்டிக் கிடந்தது. துணி எடுக்க எல்லை தாண்டி டக்காருக்குப் போயிருக்கிறாராம்.

மணி இரண்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு இளம்பெண் வந்து நின்றாள். முதுகில் பை, மூக்கில் வெள்ளையாக வெயில் களிம்பு. சுவீடனில் பிறந்தவள், அப்பாவின் நாட்டைப் பார்க்க முதல்முறை வந்திருக்கிறாள். இரண்டு மணிக்கு ஊர் காட்டுவதாகப் போனில் மலாங்தான் சொல்லியிருந்தான். அவள் பேசிய ஃபுலா மொழி, அப்பா மேசையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. ஒவ்வொரு வார்த்தையும் இஸ்திரி போட்டுத்தான் வெளியே வந்தது.

"வணக்கம். நான் பென்டா. தாங்கள்தானே திரு. மலாங்?"

"இன்னைக்கு வண்டி ஓடாது தங்கச்சி. மன்னிச்சுக்க" என்றான் மலாங், தலையைத் தூக்காமல். அவன் அவளிடம் குடும்பப் பேரைக் கேட்கக்கூட இல்லை. அப்போதுதான் எனக்கே பயம் வந்தது. அவனுக்குப் பதிலாக நான் கேட்டேன்.

"பாரி. பென்டா பாரி" என்றாள்.

மலாங் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, காபி கொடுத்து, விஷயத்தை ஒப்பித்தான்.

"நான் ஒரு அரசு அதிகாரியைப் பொது இடத்தில் இழிவாகப் பேச வேண்டுமா?" என்றாள் பென்டா.

"ஆமா. நல்லா இழிவா."

"எங்கள் ஊரில் அதற்குக் காவலர்கள் வருவார்கள்."

"இங்க சிரிப்பு வரும். சொல்லிப் பாரு: ஏய், பால் திருடா!"

"ஏய்... பால் திருடரே."

"'ரே' வேணாம்மா! 'டா'! திருடா!"

"அவர் என்னைவிட வயதில் மூத்தவர் ஆயிற்றே."

ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தான். நானும் சோவே மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று ஒத்திகைக்கு உதவினேன். என்னைத் திட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டாள். மணி மூன்றரை தாண்டிவிட்டது. இதற்குமேல் தேறாது என்று அப்படியே அனுப்பினோம்.

வாசலில் போய் நின்றாள். நான் காபிச் சட்டியோடு அவள் பின்னாலேயே போய் நின்றேன். தொண்டையைச் செருமினாள்.

"வணக்கம் ஐயா. தாங்கள் பால் திருடர் என்று கேள்விப்பட்டேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

மலாங் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

சோவே மெதுவாகத் திரும்பினார். "என்னம்மா சொன்ன?"

"நான் பாரி."

"எந்தப் பாரி?"

"பாசே நகரைச் சேர்ந்த செர்னோ பாரியின் மகள். சுவீடனிலிருந்து வருகிறேன்."

சோவே எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. அவர் முகத்தில் பத்து வருஷமாகப் பூட்டியிருந்த கதவு ஒன்று கிறீச் என்று திறந்தது.

"அடியே! சுவீடன் வரைக்கும் தப்பிச்சு ஓடுன என் அடிமைக் கூட்டமா நீ? பனியில வெறைச்சுப்போயி, சோத்துக்கு வழியில்லாம எஜமானைத் தேடி வந்துட்டியா? வா, வா! எச்சிக் கலயம் நெறைய இருக்கு கழுவுறதுக்கு!"

வாசலே அதிர்ந்தது. பென்டா ஓரடி பின்வாங்கினாள். கண் பளபளத்தது. போச்சு, அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் பக்கம் திரும்பி மெல்ல, "எங்கள் அப்பா வாரம் தவறாமல் போனில் ஒருவரை இப்படித்தான் திட்டுவார்" என்றாள். "பெரிய பகையாளி என்று நினைத்திருந்தேன். அவர் இறந்துபோனபோது அப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை."

பிறகு சோவேயை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை தொப்பையில் வந்து நின்றது.

"நாங்கள் ஓடவில்லை. எங்கள் மாடுகள் காணாமல் போயின. தேடிக்கொண்டு சுவீடன் வரை போனோம். இந்த வயிற்றுக்குள் தேடாமல் விட்டது எங்கள் தவறு."

இதை மலாங் சொல்லிக்கொடுக்கவில்லை, நானும் சொல்லிக்கொடுக்கவில்லை.

டிரைவர்கள் கார் மேல் தட்டினார்கள். சோவே தொப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்; அந்தச் சிரிப்பில் ஃபாய் சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்து என் காபிச் சட்டிக்குள் விழுந்தது. பென்டா கையை நீட்டினாள்.

"அந்த மஞ்சள் அட்டையைக் கொடுங்கள், மாட்டுத் திருடரே."

சோவேக்கு வேறு வழியில்லை. ஆனாலும் அதிகாரி இல்லையா? அட்டையை எடுத்து மலாங்கிடம் கொடுக்கவில்லை, பென்டாவின் கழுத்தில் மாட்டினார்.

"முறைக்காரி கேட்டுட்டா, குடுக்காம இருக்க முடியாது. ஆனா இந்த வாய்க்காரனுக்குத் தண்டனை உண்டு. இப்ப என் டூட்டி முடியுது. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் இவதான் எனக்கு ஊர் காட்டணும். அவன் வண்டி ஓட்டணும், ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆறு மணிக்கு அட்டை அவனுக்கு."

"ஐயா, இதுக்கு நீங்க மூணு மாசமே..." என்று ஆரம்பித்தான் மலாங்.

"வாயி!"

வாயை மூடினான்.

சோவே பின் சீட்டில் எஜமான் மாதிரி சாய்ந்துகொண்டார். பென்டா முன்னால் உட்கார்ந்து, ஊரை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறவள், கண்ணில் பட்டதையெல்லாம் கை காட்ட ஆரம்பித்தாள். வண்டி ஊர்ந்து திரும்பும்வரை காதில் விழுந்தது.

"இடது பக்கம் ஒரு சுவர். மிகவும் பழைய சுவராக இருக்கலாம். அதோ, அந்த அம்மா எதையோ விற்கிறார். உருண்டையாக இருக்கிறது."

"அருமை, அருமை" என்றார் சோவே. ஜன்னல் வழியே தலையை நீட்டி, தெருவில் போகிறவர்களிடமெல்லாம், "பாத்தியா? என் அடிமை! சுவீடன்லேருந்து வந்து எனக்கு ஊர் காட்டுறா!" என்று கத்தினார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மலாங்கின் கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்பியிருந்தன. அந்த உருண்டையின் பேர் அவனுக்குத் தெரியும். அந்த அம்மாவின் குடும்பப் பேர்கூடத் தெரியும்.