ஷெட்டில் கேட்காத சத்தம்

எனக்கு முன்கோபம் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த வயதும் இருந்தது. ஆந்திரா தனி ராஜ்ஜியமாகப் பிரிந்து, சித்தூர் யாருக்கு என்று ஊரே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் அங்கே வாடகைக் கார் ஓட்டினேன். வேலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களைத் திருப்பதிக்கு ஏற்றிப் போவேன், மலையேற்றி இறக்கித் திரும்ப அழைத்து வருவேன். பழைய கார்தான், ஆனால் சொந்தக் கார்.

அந்தக் காரை நான் நம்பி விட்ட ஒரே ஆள் ஒரு மெக்கானிக். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் எங்கள் தமிழ். பிரேக் வேலையில் அவருக்குக் கைராசி என்று பெயர். மலைக்குப் போகிற வண்டியெல்லாம் அவர் கை பட்டுத்தான் போகும். அவர் சோறு தின்றது அந்தப் பெயரால்தான். அதைக் கெடுத்தவன் நான்.

ஒரு ஐப்பசியில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஷூ புதிதாக மாட்டிக் கொடுத்தார். அதே வாரம் வெதுருகுப்பம் பக்கத்தில் ஒரு பூசாரியிடம் நான் செப்புத் தகடு ஒன்று வாங்கி வந்தேன். மலைப்பாதையில் ஒரு வண்டி உருண்டு கிடந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம் பிடித்திருந்தது. "சக்கரத்தாண்ட கட்டு. யார்கிட்டயும் சொல்லாத. வேற கை பட்டா பலிக்காது" என்றார் பூசாரி. முன்பக்க இடது சக்கரத்துக்கு உள்ளே, வண்டியைத் தாங்குகிற வில்பட்டையில் கம்பி போட்டுக் கட்டினேன். என் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

பத்து நாளில் சத்தம் ஆரம்பித்தது. சக்கரம் சுற்றுகிற கதிக்குக் கீச், கீச் என்று. பிரேக்கை மிதித்தாலும் நிற்காது, விட்டாலும் நிற்காது. ஆள் நிறைய ஏறினால் இன்னும் கூடும். மலையடிவாரத்தில் ஒரு குடும்பமே இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனது.

ஷெட்டுக்குப் போனேன். போவதற்கு முன்னால் தகட்டை அவிழ்த்துத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். வேறு கை படக் கூடாதே!

அவர் வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டார். மிதித்தால் வருகிறதா, வளைவில் கூடுகிறதா, குளிர்ந்திருக்கும்போது உண்டா. ஜாக்கி கொடுத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, டிரம் பக்கத்தில் காதை வைத்தார். மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். டிரம்மைக் கழற்றினார், ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், பேரிங்கைக் கழுவிப் புது கிரீஸ் வைத்தார்.

"ஏமி லேதப்பா. எல்லாம் சரியாத்தான் கீது. வேற யார்னா சக்கரத்துல கைய வெச்சாங்களா? நீ எதுனா மாட்டினியா?"

"இல்லண்ணா" என்றேன். அது எனக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. சாமி காரியம் சத்தம் போடும் என்று யார் நினைப்பார்கள்?

குடிபாலா வரைக்கும் கூடவே உட்கார்ந்து வந்தார். சத்தமில்லை. வைத்தியர் வாசலில் நின்றுவிடுகிற பல்வலி மாதிரி, ஷெட்டுக்குப் போனால் வண்டி வாயை மூடிக்கொள்ளும் என்று நாங்கள் எல்லோருமே சொல்வோம். வீட்டுக்கு வந்து தகட்டைத் திரும்பக் கட்டினேன். மறுநாள் திருப்பதிச் சாலையில் கீச், கீச்.

இப்படி மூன்று தடவை. மூன்றாவது தடவை வேகாத வெயிலில் நாலு சக்கரத்தையும் கழற்றிப் போட்டுவிட்டு, வியர்வை சொட்ட, "சத்தமே இல்லியே தம்பி" என்றார். எனக்குத் தலைக்கேறியது.

"உங்களுக்கு ராஜ்ஜியம் வந்துடுச்சு இல்ல? இனிமே அரவக்காரன் வண்டி சத்தம் உங்க காதுல எங்க விழும்!"

அரவக்காரன் என்பது தமிழனைத் தெலுங்கர்கள் சொல்கிற பேர். அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, ஆசைப்பட்டேன். அவர் சக்கரங்களை ஒவ்வொன்றாக மாட்டி, நட்டுகளை முறுக்கி, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தார். "வண்டிய எடுத்துக்கினு போ தம்பி" என்றார், அவ்வளவுதான்.

நான் சும்மா இருந்தேனா? கார் ஸ்டாண்டில் போய், அவர் கை கெட்டுவிட்டது, பிரேக்கை நம்பி மலையேறாதீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எல்லைச் சண்டையில் ஸ்டாண்டே அப்போது இரண்டுபட்டுக் கிடந்தது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கொடுத்தேன். முதலில் தமிழ் டிரைவர்கள் அவரிடம் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். பிரேக் விஷயத்தில் சந்தேகம் என்று வந்துவிட்டால் பாஷை ஏது? பிறகு தெலுங்கு டிரைவர்களும் நிறுத்தினார்கள். கோடைக்குள் அவர் ஷெட்டை மூடிவிட்டுத் திருப்பதிக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆடியில் சந்திரகிரி தாண்டி எனக்கு இடது சக்கரம் பஞ்சர். கழற்றிச் சாலையோரம் சாய்த்தபோது, அதன் உள்புறத்தில் வட்டமாக ஒரு கோடு, தேய்த்த பாத்திரம் போல மின்னியது. தகட்டின் ஓரமும் அப்படியே மின்னியது. பளு ஏறி வில்பட்டை தாழும்போதெல்லாம் அது சக்கரத்தில் உரசியிருக்கிறது. அவர் பார்த்தபோது மெல்லிய கீறலாக இருந்திருக்கும்; மாதக்கணக்கில் உரசி இப்போது பளிச்சென்று தெரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். தகட்டை அவிழ்த்து ஏரியில் போட்டேன். அப்புறம் சத்தம் வரவேயில்லை.

அன்றைக்கே அவரைத் தேடிப் போயிருக்க வேண்டும். அதே திருப்பதிக்குத்தான் வாரம் மூன்று தடவை போய்வந்தேன். இன்றைக்கு வேண்டாம், சவாரி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம். ஸ்டாண்டில் சிரிப்பார்களே என்ற பயம். இப்படியே வருடங்கள் ஓடின. கடைசியில் எல்லைக் கோடும் போட்டார்கள். திருத்தணி சென்னை ராஜ்ஜியத்துக்குப் போனது, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. முறைத்துக்கொண்டவர்கள் ஒரே கடையில் டீ குடித்தார்கள். அதன் பிறகுதான் எனக்கு அவரைப் பார்க்கத் தைரியம் வந்தது.

திருப்பதியில் யாரோ ஒருவருடைய ஷெட்டில் கூலிக்கு இருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வா தம்பி. அந்த சத்தம் போச்சா?"

"போச்சுண்ணா."

"இன்னாவா இருந்துச்சு?"

சொல்லத்தான் போயிருந்தேன். "தானா நின்னுடுச்சுண்ணா" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்ப நான் மாட்டின ஷூ தேஞ்சப்புறம்தான் நின்னுருக்கும். என் கையிலதான் ஏதோ தப்பு. அதுலருந்து நான் பிரேக்க தொடறதே இல்ல தம்பி, இஞ்சின் வேல மட்டும்தான். மலைக்குப் போற வண்டி, சனங்க உசுரு. தொடாம இருக்கறதுதான நாயம்?"

"ஆமாண்ணா" என்றேன்.