பத்தரை மணி ஆட்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஐம்பது நிமிடம். கல்லூரி மைதானத்தில் நான் முதலில் பார்த்தது, கிழக்குக் கோல் கம்பத்தை ஒட்டி நின்ற ஒரு மனிதரை. ஐம்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சட்டை, தோளில் ரெக்சின் பை. பையை இறக்கி வைக்க அவருக்கு இன்னும் தோன்றவில்லை. மைதானத்தில் வேறு யாரும் இல்லை. எல்லைக் கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தார்கள். மூலைக் கொடிகள் நடப்படவில்லை.

"ஒம்பது மணிக்கு மேட்ச்னு லெட்டர் வந்துச்சு. ரெண்டு டீமும் எங்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்கிறவர் அவர். சேலத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். ஆட்டம் பத்தரை மணிக்கு மாற்றப்பட்டிருந்தது அவருக்குத் தெரியாது. மாற்றச் சொல்லிக் கொடுத்த மனுவை எழுதியவன் நான்.

எண்பதுகளின் பின்பாதி அது. ஒரு நாளிதழுக்குத் தர்மபுரியிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்திக் கவரை மாலை பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். பஸ் வரும்வரை, பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த ஒரு தையல்கடையில் உட்கார்ந்திருப்பேன். கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பனியன் தைத்தவர் அவர். தைத்த நாளிலிருந்து அணியே தன்னுடையது போலப் பேசுவார். அவரோடு வாதாடவென்றே மாலையில் ஒருவர் வருவார். டிவி பழுது பார்ப்பதும் ஆண்டெனா மாட்டுவதும் அவர் தொழில். பெங்களூரு ஒளிபரப்பைப் பிடிக்க அப்போது வீட்டுக்கு மேல் இருபதடிக் குழாய் நட வேண்டியிருந்தது. எந்தக் கூரையில் குழாய் நிற்கிறது, எதில் படம் இரைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஆட்டத்துக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பேச்சு இப்படிப் போனது. போட்டியில் எங்கள் பிரிவில் நான்கு கல்லூரிகள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். எங்கள் அணி ஒன்றில் ஜெயித்து ஒன்றில் தோற்றிருந்தது. கடைசி ஆட்டம் ஓசூர் அணியோடு. அதில் ஜெயித்தாக வேண்டும். சமன் செய்தால் போதாது.

"செமிக்குப் போறது நூத்துக்கு நூறு" என்றார் பாய், நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி.

"போன மேட்ச்லயும் இதத்தான் சொன்னீங்க பாய். மூணு கோல் வாங்கிட்டு வந்து நின்னானுங்க."

"அன்னிக்குக் கோல்கீப்பருக்குக் காச்சல்பா. அவன் நின்னிருந்தா மூணு ஒண்ணாயிருக்கும்."

"ஒண்ணு வாங்கினாலும் தோல்விதானுங்களே?"

"நீ கம்பத்து மேல ஏறி நிக்கறவன். உனக்குப் பெங்களூரு தெரியும், பந்து தெரியாது."

டிவிக்காரர் சிரித்தார். விடவில்லை. "சரி, செமிக்கே போகட்டும். பாக்கறதுக்கு ஆளு? ஞாயித்துக்கிழம ஒம்பது மணிக்கு ஆட்டம் வெச்சா எவன் வருவான்? ஒம்பதரைக்கு டிவில சாமிக் கத. எங்க தெருவுல நாலு ஆண்டெனா, ஒவ்வொரு வூட்லயும் உக்கார எடமில்லாம ஜன்னல்ல தொங்கறாங்க. நம்ம மேட்சுக்குப் போன தடவ எத்தன பேரு வந்தாங்க? நிருபரு சொல்லட்டும்."

நான் எண்ணியிருந்தேன். பத்தொன்பது பேர். அதில் நான்கு பேர் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள். செய்தியில் 'ரசிகர்கள் திரண்டிருந்தனர்' என்று எழுதியிருந்தேன்.

"எங்க வூட்லயும் அந்த நேரத்துக்கு அடுப்பு எரியறதில்லப்பா" என்று பாய் ஒத்துக்கொண்டார். "கத முடிஞ்சாத்தான் டீ."

"அப்ப ஆட்டத்தப் பத்தரைக்கு மாத்துங்க. கத பத்து மணிக்கு முடியுது. டிவி பாக்கறவன் அத்தன பேரையும் நான் கிரவுண்டுக்குக் கொண்டாரேன். கூட்டம் கத்தினா நம்ம பசங்க ஜெயிப்பானுங்க."

இந்த நேரத்தில்தான் கோல்கீப்பர் கடைக்கு வந்தான். அவனுடைய துணிக் கையுறைகளின் உள்ளங்கையில் டேபிள் டென்னிஸ் மட்டையின் பழைய ரப்பரை வைத்துப் பாய் தைத்து வைத்திருந்தார். அதை வாங்க வந்தான். ஆறடிக்குக் குறையாத உயரம். மாரண்டஹள்ளிக்கு அப்பால் ஒரு கிராமம். கத்தோலிக்கக் குடும்பம், மானாவாரி நிலம், தக்காளியும் ராகியும். கல்லூரியில் அவனுக்கு அது மூன்றாவது, கடைசி ஆண்டு. பல்கலைக்கழக அணியில் ஒரு முறை ஆடிவிட்டால் சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் தக்காளி. தேர்வாளர் ஒரு கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒரு ஆட்டம்தான் பார்ப்பார். அவன் ஆடும் ஆட்டத்துக்கு அவர் வருவது இந்த ஒரு முறைதான். இதற்கு முந்திய ஆண்டுகளில், ஒன்றில் அவன் மாற்று ஆட்டக்காரன். இன்னொன்றில் தேர்வாளர் வரும் முன்பே அணி வெளியேறிவிட்டது.

நேரம் மாற்றும் யோசனையைப் பாய் சொன்னதும் அவன் கேட்டான்: "அன்னிக்கு செலக்டர் சார் வர்றாருங்களே பாய். அவருக்குச் சொல்லணுமில்லீங்களா?"

"வரட்டும்பா. காலியாக் கெடக்கற கிரவுண்டப் பாத்தா உன்னப் பத்தி என்ன நெனப்பாரு? ஊரே கத்தறப்பப் பாக்கட்டும்."

"நேரங்க…"

"அவரும் மனுசன்தானப்பா. அவரு வூட்லயும் டிவி இருக்கும். பாத்துட்டுத்தான் கௌம்புவாரு" என்றார் டிவிக்காரர்.

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். கையுறையைப் போட்டு விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மனுவை அன்றைக்கே எழுதினேன். முப்பதுக்கு மேல் கையெழுத்து. கல்லூரி முதல்வர் ஒப்புக்கொண்டார். நடுவர் ஒப்புக்கொண்டார். ஓசூர் அணி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டது: ஆட்டத்துக்கு முன் தங்கள் ஆட்களுக்கு அந்த டிவித் தொடரைப் பார்க்க இடம் தர வேண்டும். டிவிக்காரர் தன் வீட்டைத் தருவதாகச் சொன்னார். தேர்வாளருக்கு விளையாட்டு ஆசிரியர் ஒரு கார்டு எழுதி வெள்ளிக்கிழமை மாலை தபாலில் போட்டார். அது ஞாயிறு காலைவரை அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை.

மைதானத்தில் இதையெல்லாம் கேட்ட தேர்வாளர் கோபப்படவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு மணிக்குச் சேலத்துல இன்னொரு மேட்ச். அங்க ரெண்டு பேரப் பாத்தாகணும். பதினொன்னு நாப்பது வண்டிய விட்டா முடியாதுங்க. தொப்பூர் மலப்பாதைல ஒரு லாரி கவுந்து கெடந்தா அதுவும் போச்சு."

பத்தரைக்குத் தொடங்கினால் முதல் பாதி முடிய பதினொன்றே கால். இரண்டாம் பாதியை அவர் பார்க்க வழியில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு டிவிக்காரர் வீட்டுக்குப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து. வாசலில் செருப்புகளுக்கு நடுவே கால்பந்து பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. உள்ளே கூடம் நிறைந்திருந்தது. டிவிப் பெட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். சுவரோரம் பெண்கள். தரையில் ஓசூர் அணியும் எங்கள் அணியும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தன. எங்கள் ஆட்களில் கோல்கீப்பர் மட்டும் இல்லை. அவன் தேவாலயத்தில் காலைப் பூசைக்குப் போயிருந்தான். விளையாட்டு ஆசிரியரை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உள்ளே போய்ச் சொல்லிப் பார்த்தார்.

"சார், பாத்துட்டு வர்றதாத்தான ஒத்துக்கிட்டோம்?" என்றான் ஓசூர் அணித் தலைவன். குரலில் மரியாதை இருந்தது; எழுந்திருக்கவில்லை.

நடுவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பத்தரைன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க சார். பத்தரைக்கு விசில் ஊதறேன்."

அதற்குள் தொடர் தொடங்கிவிட்டது. ஒரு பெண் கற்பூரம் ஏற்றினாள். வசனம் இந்தியில். அந்தக் கூடத்தில் யாருக்கும் இந்தி தெரியாது. யாரும் இமைக்கவில்லை. விளையாட்டு ஆசிரியர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நான் மைதானத்துக்குத் திரும்பியபோது கோல்கீப்பர் வந்திருந்தான். பூசைக்குப் போன வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, பனியனோடு கம்பத்தடியில் நின்றான். தேர்வாளர் புங்க மரத்தடியில் கல்லில் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவே முப்பதடி. நான் அறிமுகம் செய்து வைத்தேன். பஸ் விஷயத்தையும் சொன்னேன். அவன் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனான்.

"சார், ஒரு பத்துப் பந்து அடிச்சுப் பாருங்க சார். எந்தப் பக்கம் வேணும்னாலும் அடிங்க."

"அதப் பாத்து எழுத முடியாதுப்பா. ஆட்டத்துல பாத்ததத்தான் எழுதணும். ரூல் அது." அவர் மெதுவாகத்தான் சொன்னார். "ஃபர்ஸ்ட் ஹாஃப் இருக்கில்ல. பாக்கறேன்."

ஆசிரியர் குடியிருப்பிலிருந்து டிவியின் சங்கொலியும் பாட்டும் மைதானம்வரை கேட்டன. மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

பத்து மணி தாண்டியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டிவிக்காரர் சொன்னதைச் செய்து காட்டினார். தெருத் தெருவாக வந்தார்கள். நெற்றியில் குங்குமத்தோடு வந்தார்கள். பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். எண்ணிக்கொண்டு வந்தேன், முந்நூறோடு நிறுத்திவிட்டேன். அவர் நுழைவாயிலில் நின்று, "பாத்தீங்களா பாய், ஆண்டெனா பவரு!" என்று கத்தினார். கூட்டத்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே தள்ளவே பத்து நிமிடம் ஆனது. ஆட்டம் பத்து நாற்பதுக்குத் தொடங்கியது.

அந்த முதல் பாதியைப் போல எங்கள் அணி அதற்கு முன் ஆடி நான் பார்த்ததில்லை. இடது விங் ஆட்டக்காரன் ஒன்பதாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டான். கூட்டம் போட்ட சத்தத்தில் ஓசூர் ஆட்கள் மிரண்டுபோனார்கள். பந்து அவர்கள் பாதியிலேயே கிடந்தது. கோல்கீப்பர் தன் கம்பங்களுக்கு நடுவே இப்படியும் அப்படியும் நடந்தான். தேர்வாளர் மடியில் நோட்டு திறந்திருந்தது.

பாய்க்கு அப்போதுதான் பஸ் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோட்டருகே போய் எங்கள் தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்தினார்: "டேய், விடுங்கடா! ஒரு பந்தயாச்சும் உள்ள விடுங்கடா!"

"பாய் ஓசூர் கட்சிக்குப் போயிட்டாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். பாய் திரும்பிப் பார்க்காமல் இன்னும் இரண்டு முறை கத்தினார். அவரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

முப்பத்தாறாவது நிமிடத்தில் இடது விங் ஆட்டக்காரன் இரண்டாவது கோலைப் போட்டான். முதல் பாதியில் கோல்கீப்பர் பந்தைத் தொட்டது இரண்டு முறை. இரண்டும் சொந்த ஆட்கள் பின்னால் தட்டிவிட்டவை.

பதினொன்று இருபத்தைந்துக்கு நடுவர் விசில் ஊதினார். தேர்வாளர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். டிவிக்காரர் அவரைத் தன் ஸ்கூட்டரில் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போனார். கிளம்பும் முன் தேர்வாளர் கோல்கீப்பரிடம் நின்று ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். என்ன சொன்னார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாம் பாதியில் ஓசூர் அணி வேறு அணியாக வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. எங்கள் ஆட்கள் களைத்துப்போனார்கள். நான் குறித்து வைத்த கணக்கில் கோலை நோக்கி வந்த பந்துகள் பதினொன்று. ஒன்று உள்ளே போனது. மற்றவற்றைக் கோல்கீப்பர் பிடித்தான், அல்லது குத்தித் தள்ளினான். அறுபத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு பெனால்டி. வலது பக்கம் தாழ்வாக வந்ததை நீளப் பாய்ந்து தடுத்தான். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவன் மரத்தடிக் கல்லின் பக்கம் ஒரு முறை பார்த்தான். அங்கே ஒரு பெண் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். அரையிறுதிக்குப் போனோம். அன்று மாலை தையல்கடையில் வாதம் நடக்கவில்லை. டிவிக்காரர் வந்து நின்றார். "நான் ஸ்கூட்டர மெதுவாத்தான் ஓட்டினேன் பாய். வண்டி போயிருக்கும்னு பாத்தேன். அந்தப் பஸ்ஸு நின்னுகிட்டே இருந்துச்சு" என்றார். பாய் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே இருந்தார்.

செய்தியில் பெனால்டியைப் பற்றி மூன்று வரி எழுதி அனுப்பினேன். இடமில்லாததால் வெட்டப்பட்டு, கோல்களும் ரசிகர்கள் திரண்டதும் மட்டும் வந்தன. விளையாட்டு ஆசிரியர் இரண்டாம் பாதியை விவரித்து, நடுவரிடமும் கையெழுத்து வாங்கித் தேர்வாளருக்குப் பதிவுத் தபால் அனுப்பினார். நேரில் பார்த்ததை மட்டுமே பதிய முடியும் என்று பதில் வந்தது. அதில் வருத்தமும் தெரிவித்திருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழக அணியின் பட்டியல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கோல்கீப்பர்கள் இரண்டு பேர், இருவரும் வேறு கல்லூரிகள். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு பெயர், இடது விங் ஆட்டக்காரனுடையது.